இருபத்தொன்பது ஓட்டு

எங்கள் ஊரில் ஓட்டு இருபத்தொன்பது. இதை எண்ணத் தலைநகர் அலோஃபியிலிருந்து அதிகாரி வர வேண்டியதில்லை. பஸ் ஓட்டுகிற நானே ஸ்டீயரிங்கில் விரல் வைத்து எண்ணிவிடுவேன். யார் வீட்டில் எத்தனை தலை, அந்தத் தலை எந்தப் பக்கம் சாயும், போன வருஷம் யாருடைய பன்றி யாருடைய சேம்பில் புகுந்தது, அதனால் இந்த வருஷம் யார் யாருக்குப் போட மாட்டார்கள் என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். ரகசிய வாக்கெடுப்பு என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. எழுதியவர் எங்கள் ஊரில் ஒரு வாரம் தங்கியிருக்க மாட்டார்.

அந்த மே மாதத் தேர்தலில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் ஃபொலிகி அண்ணன். பதினெட்டு வருஷமாக எங்கள் நியுவே தீவின் சட்டசபையில் எங்கள் ஊருக்கு அவர்தான் உறுப்பினர். மற்றவன் லபாத்தி, நாற்பது வயசு, நியூசிலாந்தில் ஆக்லாந்திலிருந்து மனைவியோடும் நான்கு பிள்ளைகளோடும் திரும்பி வந்து நான்கு வருஷம் ஆகிறது. இரண்டு பேருக்கும் நடுவில் மனோங்கி அக்கா. அண்ணனுக்கு மனைவி, லபாத்திக்கு உடன்பிறந்த அக்கா. தாய் செத்த பிறகு லபாத்தியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள்.

எனக்கு அவர்கள் பக்கத்து வீடு. வேலி என்று சொல்ல ஒன்றுமில்லை, நடுவில் ஒரு பப்பாளி மரம். அவர்கள் வீட்டில் பாத்திரம் விழுந்தால் என் நாய் குரைக்கும். அதனால் அந்த ஒரு மாதம் அங்கே என்ன நடந்தது என்று நான் ஒட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

லபாத்தி நின்றதற்குக் காரணம் ஆசை இல்லை. இந்தத் தீவில் சம்பளம் என்றால் அரசாங்கச் சம்பளம்தான். ரோடு போடும் இலாகாவில் அவனுக்கு இருந்த தற்காலிக வேலை மார்ச்சோடு முடிந்தது. சேம்பை மட்டும் நம்பி ஆறு வயிறு நிரம்பாது. ஆக்லாந்தில் அவன் மாமனார் ஒரு கிடங்கில் வேலை பேசி வைத்துவிட்டு, ஜூனுக்குள் வந்து சேர் என்று போனில் கத்திக்கொண்டிருந்தார். ஜெயித்தால் சபைச் சம்பளம், தோற்றால் விமானம். அவன் போனால் நான்கு பிள்ளைகளும் போவார்கள். எங்கள் ஊரில் பிள்ளைகள் என்றாலே அந்த நான்கு பேர்தான். அவர்களைத்தான் தினமும் காலையில் அலோஃபி பள்ளிக்கூடத்துக்கு நான் ஏற்றிப் போகிறேன். பதினாறு இருக்கை, நான்கு தலை, பதினாறு பேரின் சத்தம்.

அண்ணனுக்கு இது முதுகில் குத்தியது போல ஆகிவிட்டது. மச்சான் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மனுவைக் கொடுத்துவிட்டான் என்ற கோபம். அடுத்த ஊர்க்கூட்டத்தில் எழுந்து, தலையை ஆட்டாமல் அசைக்காமல் சொன்னார்.

"நான் தோத்தா அடுத்த வெள்ளிக்கிழமை பிளேன்ல ஏறிடுவேன். என்னை வேணாம்னு சொன்ன ஊர்ல நான் நடமாட மாட்டேன். ஆக்லாந்துல என் மகன் ஒரு ரூம் ஒதுக்கி வெச்சிருக்கான். நானும் மனோங்கியும் போயிடுறோம்."

மனோங்கி அக்காவிடம் அவர் கேட்கவில்லை. அவளும் மற்றவர்களோடு சேர்ந்து கூட்டத்தில்தான் அதைக் கேட்டாள். ஓலை விசிறியை ஆட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். அவ்வளவுதான்.

அவள் போக மாட்டாள் என்பது எனக்குத் தெரியும். காட்டுக்குள் மூன்று ஏக்கரில் அவளுடைய சேம்பு. எங்கள் தீவில் மண் என்பது பாறை இடுக்கில் ஒரு கை அகலம்தான். கடப்பாரையை ஓங்கிக் குத்தி, ஆட்டிக் குழி பண்ணி, நாற்றைச் செருகி, அடுத்த இடுக்கைத் தேட வேண்டும். ஆண்பிள்ளைகளே ஒரு நாளைக்கு இருநூறு நட்டால் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். அவள் முந்நூறு நடுவாள். அது போகட்டும். வீட்டுக்கு முன்னால் ரோட்டோரம் வெள்ளையடித்த சின்னக் கல்லறை ஒன்று இருக்கிறது. ஒன்பது வயசில் காய்ச்சலில் போன மகள். சாயங்காலம் காட்டிலிருந்து வந்ததும் கால் கழுவுவதற்கு முன்னால் அதன் மேல் விழுந்த சருகைக் கூட்டுவாள். அவளை அங்கே விட்டுவிட்டு எப்படி ஏறுவது?

எங்கள் ரோட்டில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. ஜன்னலுக்குள் கொடி புகுந்து கூரை வழியாக வெளியே வந்துவிட்டது. கல்லறைகள் மட்டும் வாசலில் காவல். இந்தத் தேர்தலில் யார் தோற்றாலும் ஒரு வீடு பூட்டப்படும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. எந்த வீடு என்பதுதான் கேள்வி.

கணக்கு இப்படி. அண்ணனையும் சேர்த்து அவர் பக்கம் பதினாலு. லபாத்தியையும் சேர்த்து அவன் பக்கம் பதினாலு. நான் அண்ணன் பக்கம். பஸ் பிழைப்பைப் பார்த்தால் அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும், ஆனால் புயலடித்து என் கூரை பறந்தபோது ஏணியில் முதலில் ஏறியவர் அவர். மிச்சம் ஒரே ஒரு ஓட்டு. மனோங்கி அக்காவுடையது.

அந்த மூன்று வாரமும் அவளைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஊரில் ஒருவரும் அவளிடம் நேராகக் கேட்கவில்லை, ஆனால் கடையில் அவள் உப்பு வாங்கினால் உப்பைப் பார்த்தார்கள், மீன் டின் வாங்கினால் டின்னைப் பார்த்தார்கள். லபாத்தி ஒரு நாள் விடியலில் கடலிலிருந்து ஏறி வந்து இரண்டு பெரிய மீனை அவள் வாசலில் தொங்கவிட்டுவிட்டு, கூப்பிடாமல் போய்விட்டான். அண்ணன் அந்த மீனைச் சாப்பிட்டார். ருசியாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார். ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டு ஆண்பிள்ளைகளும் அவளிடம் வாயைத் திறக்காமல் இருந்ததுதான் பெரிய கொடுமை.

"கேட்டுத் தொலைஞ்சா திட்டியாவது தீர்ப்பேன்," என்றாள் ஒரு நாள், என் பஸ்ஸில் சேம்பு மூட்டையை ஏற்றிக்கொண்டே. "ரெண்டு பேரும் நல்லவனா இருக்கிறானுங்க. என் தலையில பாறாங்கல்ல வெச்சுட்டு நல்லவனா இருக்கிறானுங்க."

தேர்தல் சனிக்கிழமை. காலையிலிருந்தே புழுக்கம், மழை வருகிற மாதிரி வந்து வராமல் போக்குக் காட்டியது. ஊர் மண்டபத்தில் அட்டை மறைப்பு ஒன்று, தகரப் பெட்டி ஒன்று, அலோஃபியிலிருந்து வந்த அதிகாரி, ஒரு போலீஸ்காரர். பத்து மணிக்குள் இருபத்தேழு பேர் போட்டுவிட்டோம். போட்டவர்கள் வீட்டுக்குப் போகாமல் மாமரத்தடியில் உட்கார்ந்து இன்னும் வராத இரண்டு பேரை எதிர்பார்த்தோம்.

பதினொன்றுக்கு இரண்டு பேரும் ஒன்றாக வந்தார்கள். அண்ணன் வெள்ளைச் சட்டை, அக்கா சர்ச்சுக்குப் போடுகிற தொப்பி. அவர் உள்ளே போய் மறைப்புக்குப் பின்னால் வெகுநேரம் நின்றார். ஒரு குறி போட இவ்வளவு நேரமா என்று யாரோ சிரித்தார்கள். பிறகு அவள் போனாள். போன வேகத்தில் வந்தாள். முகம் கழுவித் துடைத்த கல் மாதிரி இருந்தது. எங்கள் யாரையும் பார்க்காமல் நேரே வீட்டுக்கு நடந்தாள்.

ஆறு மணிக்கு எண்ணினார்கள். அதிகாரி ஒவ்வொரு சீட்டாகத் தூக்கிக் காட்டிப் பெயர் சொன்னார். இருபத்தெட்டு சீட்டு முடிந்தபோது இரண்டு பக்கமும் பதினாலு. கடைசிச் சீட்டைப் பிரித்தார்.

"லபாத்தி."

யாரும் கை தட்டவில்லை. அத்தனை பேரும் திரும்பி, மண்டபத்தில் இல்லாத மனோங்கி அக்காவைத் தேடினார்கள். லபாத்தியே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் போய் அவன் கையைக் குலுக்கிவிட்டு, அதிகாரிக்கு நன்றி சொல்லிவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் ஞாயிறு. எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகக் கூடாது, காட்டுக்குப் போகக் கூடாது, ஆனால் நாக்குக்குத் தடை எதுவும் இல்லை. சர்ச் வாசலில் ஃபிசா காத்திருந்தாள். அண்ணனுக்குப் பெரியப்பா மகள், பாட்டுக் குழுவில் முதல் குரல், அந்தக் குரலை வெளியிலும் குறைக்காதவள்.

"ஒரே கூரைக்குக் கீழ படுத்து எழுந்துட்டு, அந்த மனுஷனையே கவுக்கறதுக்கும் ஒரு தெம்பு வேணும்," என்றாள், பக்கத்திலிருந்தவளைப் பார்த்து. "ரத்தம் ரத்தத்தோடதான் சேரும். புருஷன் எல்லாம் வழியில வந்தவன்தானே."

மனோங்கி அக்கா காதில் விழாதது போல நடந்தாள். ஆனால் தொப்பி ஓரம் நடுங்கியதை நான் பார்த்தேன். அண்ணன் அவளுக்கு இரண்டடி பின்னால் வந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, அவள் மேல் இருந்ததைவிட அதிகமாக. ஆமாம், அவள் மேலும் இருந்தது. நானும் எல்லோரையும் போலத்தான் நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமை பிள்ளைகளை இறக்கிவிட்டு வரும் வழியில் அவள் காட்டுப் பக்கம் வண்டியை நிறுத்தினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. நடவுக்காகக் காட்டை எரித்த இடத்தில் கரிக்கட்டைகளுக்கு நடுவே கடப்பாரையை ஓங்கி ஓங்கிக் குத்திக்கொண்டிருந்தாள். நடுவதற்குக் குத்துகிற மாதிரி இல்லை. பாறையில் பட்டுப் பொறி பறந்தது. கையில் தோல் உரிந்திருந்தது.

தண்ணீரைக் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கட்டை மேல் உட்கார்ந்தாள்.

"நீயும் அப்படித்தானே நினைக்கிற?" என்றாள்.

நான் தண்ணீர்ப் பாட்டிலை மூடினேன்.

"நான் அவருக்குத்தான் போட்டேன்டா, விலி."

எனக்கு முதலில் கணக்கு ஏறவில்லை. அப்படியானால் அவருக்குப் பதினைந்து வந்திருக்க வேண்டுமே என்றேன்.

"வந்திருக்கணும். அவர் தன் பேருக்குப் போட்டிருந்தா."

அண்ணனுக்கு ஒரு வழக்கமாம். அவருடைய அப்பா சொல்லிக்கொடுத்தது. தன் பெயருக்கு நேரே தானே குறி போடுவது, தன் வீட்டு விருந்தில் வந்தவர்களுக்கு முன்னால் தானே உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி அசிங்கம் என்று. ஆறு தேர்தலிலும் அவர் எதிரில் நின்றவனுக்குத்தான் போட்டிருக்கிறார். அப்போதெல்லாம் பத்து ஓட்டு, பன்னிரண்டு ஓட்டு வித்தியாசம். ஒன்று அங்கே போனால் யாருக்குத் தெரியப்போகிறது? மனைவிக்கே தெரியாது. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்துதான் சொல்லியிருக்கிறார்.

"கை போகலைன்னு சொன்னாருடா. அங்க நின்னு, பென்சிலைப் பிடிச்சுக்கிட்டு, இந்தத் தடவை மட்டும் போட்டுடலாம்னு நினைச்சாராம். கை போகலையாம்." கரி படிந்த கையால் முகத்தைத் துடைத்தாள். "நான் போட்டேன். நான் இடுப்புல தூக்கி வளத்த பையனோட பேரு அங்க இருக்கு, அவன் பிள்ளைங்க நாலும் கண்ணு முன்னால நிக்குது. இருந்தாலும் இந்த மனுஷன் என்னை இழுத்துட்டுப் போயிடுவாரேன்னு, என் பொண்ண விட்டுட்டு எப்படிப் போறதுன்னு, அவருக்குப் போட்டேன். தம்பிய என் கையாலயே ஊர விட்டு அனுப்பப் பாத்தேன். அந்தப் பாவத்தைப் பண்ணிட்டு வெளிய வர்றேன், இவரு வெக்கப்பட்டுக்கிட்டு அவனுக்கே போட்டுட்டு நிக்கிறாரு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஊருக்குச் சொல்லிவிடலாமே, ஃபிசா வாயையாவது அடைக்கலாமே என்றேன். அண்ணனும் அதைத்தான் சொன்னாராம். புதன்கிழமை மண்டபத்தில் லபாத்தி விருந்து வைக்கிறான். ஜெயித்தவன் சோறு போடுவதும் தோற்றவன் எழுந்து நாலு நல்ல வார்த்தை சொல்வதும் எங்கள் வழக்கம். அங்கே எழுந்து உண்மையைச் சொல்லி உன் பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

"சொன்னா என்ன ஆகும்?" என்றாள். "லபாத்தி ஒரு நிமிஷம் அந்த நாற்காலியில உக்காருவானா? அத்தான் போட்ட பிச்சை வேணாம்னு ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டு மறு பிளேன்ல ஏறுவான். அவன் ரோஷம் எனக்குத் தெரியாதா. மறுபடி தேர்தல், மறுபடி இந்த நரகம். வேணாம்."

அண்ணனிடம் இதைச் சொன்னாயா என்று கேட்டேன். சொன்னாளாம். நீ கெட்ட பெயர் சுமக்கும்போது நான் எப்படி வாயை மூடிக்கொண்டு இருப்பது என்று அவர் பிடிவாதமாக நிற்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை மூடிக்கொண்டுதானே வந்தார் என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. கடப்பாரையை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

புதன்கிழமை மத்தியானம் குழியடுப்பைப் பிரித்தார்கள். இரண்டு பன்றி, இலையில் சுற்றிய மீன், சேம்பும் பப்பாளியும் அடுக்கித் தேங்காய்ப்பால் ஊற்றி வெந்தது. தென்னை மரம் ஏறுகிற உங்கா என்ற பெரிய நண்டை லபாத்தியின் மனைவி உடைத்துத் தட்டுத் தட்டாக வைத்தாள். வாசனை ஊரைத் தூக்கியது, ஆனால் யாரும் சாப்பாட்டைப் பார்க்கவில்லை. அண்ணன் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அக்கா பெண்கள் பக்கம், தனியாக. அவளுக்கு இரண்டு புறமும் பாய் காலியாக இருந்தது.

ஜெபம் முடிந்தது. லபாத்தி நன்றி சொன்னான். பிறகு பழைய உறுப்பினர் பேசுவார் என்றார் பாதிரியார்.

அண்ணன் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார்.

"நான் ரொம்பப் பேசப் போறதில்ல," என்றார். "சனிக்கிழமை ஓட்டைப் பத்தி ஒரு விஷயம் ஊருக்குச் சொல்லணும்."

"அத நான் சொல்றேன்."

மனோங்கி அக்கா எழுந்து நின்றிருந்தாள். ஒருவர் பேசும்போது குறுக்கே பேசுவது எங்கள் மண்டபத்தில் நடக்காத காரியம். பாதிரியார் கையை உயர்த்தினார். அவள் பார்க்கவில்லை.

"யாரு போட்டா யாரு போட்டான்னு நாலு நாளா மென்னுக்கிட்டு இருக்கீங்க. அந்தப் பதினஞ்சாவது ஓட்டு என்னுது. என் தம்பிக்கு நான்தான் போட்டேன். அவருக்குத் தெரியும். தெரிஞ்சுதான் என்னைக் காப்பாத்த ஏதோ எழுதி எடுத்துட்டு வந்திருக்காரு. அதெல்லாம் வேணாம்."

லபாத்தி தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்த நிம்மதியைப் பார்த்தபோது, அவனும் அவ்வளவு நாளாக அதை நம்பத் தவித்துக்கொண்டிருந்தான் என்று தெரிந்தது.

"இன்னொண்ணு," என்றாள். "இவனை ஜெயிக்க வெச்சது நானு. மூணு வருஷம் இவன் என்ன பண்றான்னு பாக்கற வேலையும் எனக்கு இருக்கு. அதனால நான் பிளேன் ஏறல. யாரு வேணும்னாலும் போகட்டும். நான் போகல."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அண்ணன் தாளைப் பிடித்தபடி நின்றார். மண்டபத்தில் உண்மை தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருத்தி பொய் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள், ஒருவர் உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார், நான் நண்டுக் காலை வாயில் வைத்தபடி கடிக்கவும் முடியாமல் எடுக்கவும் முடியாமல் இருந்தேன். அவர் அவளைப் பார்த்தார். அவள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை வேறு எவனாவது வாங்கியிருந்தால் அன்றைக்கே தீவை விட்டு நீந்தியிருப்பான்.

"ஆமா," என்றார் கடைசியில். "அவ சொன்னது சரிதான்." தாளை மடித்தார். புது உறுப்பினரை எல்லோரும் மதிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவர் போகாமல் இருந்துவிடுவார் என்று நான் நினைத்தேன். வியாழக்கிழமை முழுக்க மழை. மழைக்கு நடுவே அவர்கள் வீட்டில் அவர் குரல் கேட்டது, அவள் குரல் கேட்டது, பிறகு இரண்டும் கேட்கவில்லை. கூட்டத்தில் சொன்ன சொல்லை அவர் விழுங்க மாட்டார். மனைவியின் பொய்யால் தலை நிமிர்ந்து நடக்கிறவன் என்று தன்னைத் தானே தினமும் பார்த்துக்கொண்டிருக்கவும் அவரால் முடியாது. மகனோடு கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றாராம். வாங்க, வராம போங்க, நான் இங்கதான் இருப்பேன் என்றாளாம் அவள்.

வெள்ளிக்கிழமை என் பஸ்ஸில்தான் போனோம். அவர், அவள், லபாத்தி குடும்பம் முழுக்க. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம். ரோட்டோரம் நின்றவர்கள் அவருக்குக் கையசைத்தார்கள். அவளைப் பார்த்ததும் கையைக் கீழே போட்டார்கள். பெண்டாட்டி கவிழ்த்துவிட்டாள், பாவம் மனுஷன் ஊரை விட்டே போகிறார் என்பதுதான் ஊர் முடிவு செய்த கதை. சாகும்வரை அவள் இதைச் சுமக்க வேண்டும். ஜன்னலோரம் நேரே பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

விமான நிலையத்தில் லபாத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"இருங்க அத்தான். எனக்குச் சபையில எங்க உக்காரணும்னுகூடத் தெரியாது."

"உனக்கு ஓட்டுப் போட்டவங்க சொல்லித் தருவாங்க, போடா," என்றார் அவர். சிரிக்க முயன்றார், வரவில்லை.

எல்லோரும் கொண்டுபோவது போல அவருக்கும் ஒரு ஐஸ் பெட்டி. மகனுக்காக உரித்து உறைய வைத்த சேம்பும் இரண்டு நண்டும். அக்கா அதை நான்கு பக்கமும் டேப் ஒட்டி இறுக்கியிருந்தாள். பெயர் எழுதாத பெட்டியை ஏற்ற மாட்டோம் என்று எடை போடுகிற பெண் ஒரு தடித்த பேனாவை நீட்டினாள். அண்ணன் அதை வாங்கி, யோசிக்காமல் என் பக்கம் நீட்டினார்.

அக்கா குறுக்கே கை நீட்டிப் பேனாவைப் பிடுங்கினாள். அவர் உள்ளங்கையை விரித்து அதில் வைத்து, விரல்களை மடக்கினாள்.

"உங்க பேரை நீங்களே எழுதுங்க," என்றாள், எனக்கும் அவருக்கும் மட்டும் கேட்கிற குரலில். "இங்க யாரும் எண்ண மாட்டாங்க."

அவர் பெட்டி மேல் குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்தபோது மூடியின் ஒரு மூலையில், எறும்பு அளவுக்கு எழுதியிருந்தது. எடை போடுகிற பெண் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, படிக்க முடியவில்லை, பெரிதாக எழுதுங்கள் என்றாள்.

அவர் மறுபடி எழுதினார்.